குனோமா, கேடிஈயா: 'சரி' பொத்தான் எந்தப் பக்கம்?

லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி யாராவது கணினியைக் கொண்டுவந்தால், குனோம் வைப்பதா, கேடிஈ வைப்பதா என்பதைத்தான் முதலில் முடிவு செய்வேன். திரையில் சாளரம், பட்டி, பொத்தான் எல்லாம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு மேசைச் சூழல்கள் இவை. ஆளுக்கு ஆள் என் பதில் மாறும். ஒன்றில் மட்டும் மாறாது: கணினி நம்மிடம் கேள்வி கேட்கும் இடத்தில் குனோம் வகுத்த விதியே நல்ல விதி.

இந்தப் போட்டியின் வேர் 1987-இல் வெளிவந்த எக்ஸ்11 என்ற சாளர அமைப்பு. சாளரம் வரையும் வசதியைத் தருவோம், அதன் தோற்றமும் நடத்தையும் எங்கள் வேலையில்லை என்று எம்ஐடியில் அதை உருவாக்கியவர்கள் தெரிந்தேதான் முடிவெடுத்தார்கள். அதே ஆண்டில்தான் ஆப்பிள் தன் இடைமுக நெறிகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. ஐபிஎம்மும் சியூஏ என்ற தன் இடைமுக விதிகளை வெளியிட்டது. எக்ஸ் திரையிலோ நிரலுக்கு நிரல் தோற்றப் பாணி வேறு: ஒன்று மோட்டிஃப், இன்னொன்று ஓப்பன் லுக், மற்றொன்று ஏதீனா. உருள்பட்டைகூட ஒன்றுபோல் இருக்காது. ஏதீனாவில் சுட்டியின் இடது பொத்தானை அழுத்தினால் பக்கம் கீழே போகும், வலது பொத்தானை அழுத்தினால் மேலே வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1996-இல் மத்தியாஸ் எட்ரிக் கேடிஈயைத் தொடங்கினார். சாளரமும் பொத்தானும் வரைய அது சார்ந்திருந்த க்யூடி நிரலகத்தின் உரிமம் பிடிக்காதவர்கள் மறுவருடமே குனோமைத் தொடங்கினார்கள்.

சரி, பொத்தானுக்கு வருவோம். கேடிஈ விண்டோஸ் வழியில் போனது: 'சரி' முதலில், 'ரத்து' கடைசியில். குனோம் 2002-இல் வெளியிட்ட நெறிநூல் மேக் வழியை எடுத்துக்கொண்டது: செயலைச் செய்யும் பொத்தான் வலது ஓரத்தில், 'ரத்து' அதற்கு இடப்பக்கம். இடமிருந்து வலமாகப் படிக்கிற கண் கடைசியில் வந்து நிற்பது அந்த மூலையில்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். விண்டோஸில் பழகிய கைக்கு அது எடுபடாது. பழக்கமும் ஒரு நியாயம்தானே.

எனக்கு இடத்தைவிட முக்கியம் பொத்தானில் உள்ள சொல். கணக்கு எழுதும் ஓர் அக்கா, நிரலை மூடும்போது வந்த கேள்வியைப் படிக்காமல் 'இல்லை'யை அழுத்தி ஒரு நாள் வேலையை இழந்ததை அருகிலிருந்து பார்த்தேன். "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்பது கேள்வி. "மூடிவிடவா?" என்று கேட்கிறது என நினைத்துவிட்டார். குனோம் நெறிநூல் 'ஆம்', 'இல்லை' என்ற பொத்தான்களையே தவிர்க்கச் சொல்கிறது. 'சேமிக்காமல் மூடு', 'ரத்து', 'சேமி' என்று வினைச்சொல்லாக எழுத வேண்டும். கேள்வியைப் படிக்காதவர்கூட பொத்தானைப் படித்துத்தான் அழுத்துவார். கேடிஈயும் பிற்பாடு 'சேமி', 'கைவிடு' என்று இந்த வழிக்கே வந்தது. வரிசைச் சண்டைக்கு க்யூடி 2006-இல் ஒரு நல்ல தீர்வு கண்டது: நிரல் எழுதுபவர் எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் சொன்னால் போதும், ஓடுகிற சூழலைப் பார்த்து வரிசையை அது அமைத்துக்கொள்ளும்.

தமிழில் குனோம், கேடிஈ இரண்டுமே தடுமாறிய இடம் ஒன்று உண்டு. ஆங்கிலப் பட்டியில் (மெனுவில்) அடிக்கோடிட்ட எழுத்தை ஆல்ட்டுடன் சேர்த்து அழுத்தினால் பட்டி திறக்கும். தமிழ் எழுத்தை அப்படி ஒரே விசையில் தட்டுவது எல்லா விசைப்பலகையிலும் நடக்காது. அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் 'கோப்பு' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப் எழுத்தைப் போட்டார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் விசை வேலை செய்தது, அதனால் எனக்குச் சம்மதமே.

அமைப்புகள் விஷயத்தில்தான் குனோம் மீது எனக்கு வருத்தம். பழைய குனோமில் கடிகாரத்திலேயே பல வகை இருந்தன, தேர்ந்தெடுப்பதே வேலையாக இருந்தது. குறைத்தது சரி. ஆனால் 2004-இல் ஒவ்வொரு கோப்புறையும் தனிச் சாளரத்தில் திறக்கும் முறையை இயல்பாக்கி, ஆறு வருடம் கழித்துத்தான் மாற்றினார்கள். 2011-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானே தலைப்பிலிருந்து போய்விட்டது. பத்து வருடம் அந்த மூலையைத் தேடிப் பழகிய கைக்கு என்ன சமாதானம் சொல்வது?

கேடிஈயில் சாளரத் தலைப்பின் பொத்தான்களை வேண்டிய பக்கம் இழுத்து வைக்கலாம். ஒரே சொடுக்கில் கோப்பு திறப்பது அங்கே நெடுங்காலம் இயல்பாக இருந்தது. 2024-இல் கேடிஈயின் புதிய பதிப்பான பிளாஸ்மா 6 வந்தபோது அதை இரட்டைச் சொடுக்காக மாற்றினார்கள். பழையபடி வேண்டுமென்றால் அமைப்பில் ஒரு குறி போதும். ஆனால் அந்தக் குறி இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் புதியவர் களைத்துவிடுவார்.

அதனால் கணினியே புதிது என்பவருக்குக் குனோம் வைத்து, சிறிதாக்கும் பொத்தானை மட்டும் திரும்பப் போட்டுக் கொடுக்கிறேன். விண்டோஸில் வருடக்கணக்கில் இருந்தவருக்குக் கேடிஈ. அந்தப் பக்கம் எங்கே என்று தெரிந்துகொள்ள, அதில் சொடுக்கு அமைப்பை அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கணினியைக் கையில் கொடுப்பேன்.