முந்தின இரவா, காலை ஆறு மணியா? புகைமூட்டத்தில் பள்ளியை எப்போது மூடுவது

தென்மேற்குப் பருவக்காற்று சுமத்திராவின் தீப் புகையைக் கொண்டுவரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில வருடங்களில் அக்டோபரிலும், கோலாலம்பூர்ப் பெற்றோரின் வாட்சப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றும்: நாளைக்குப் பள்ளி உண்டா, இல்லையா? 2015-லும் 2019-லும் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டபோது பிள்ளைகளுக்கு லீவு கிடைத்ததைப் பற்றி யாரும் பெரிதாகக் குறைப்படவில்லை. அறிவிப்பு வந்த நேரத்தைத்தான் பலரும் குறை சொன்னார்கள்.

வழிகள் இரண்டு. நாளைய காற்று மோசமாகும் என்று கணித்து முந்தின நாள் இரவு 8 மணிக்குள் மூடுவது ஒன்று. காலையில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐபியு-வைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மற்றொன்று. என் சாய்வு முதல் வழிக்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐபியு 100-ஐத் தாண்டினால் சபைகூடல், உடற்கல்வி, திடல் பயிற்சி எல்லாம் நிற்கும். 200-ஐத் தாண்டினால் பள்ளி மூடப்படும். இந்த எண்களில் எனக்குப் பெரிய வழக்கில்லை. அந்த 200 நம் கண்ணில் படும் நேரம்தான் பிரச்சினை. இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒன்றே தீர்த்துவிடுகிறது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் பார்க்கும் ஐபியு மணிக்கொரு முறை மாறுகிறது. அதனால் அது இப்போதைய காற்றின் அளவு என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் புகைமூட்டக் காலத்தில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது பி.எம். 2.5 எனும் நுண்துகள். அதற்கு எடுக்கப்படுவது கடந்த 24 மணி நேரச் சராசரி. சராசரி ஒரு கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராமைத் தொட்டால் ஐபியு 100 வாக்கில் நிற்கும். 150-ஐத் தொட்டால் 200 வாக்கில். அதாவது காலை ஆறு மணிக்குக் காட்டும் எண்ணில் நேற்றுக் காலை ஏழு மணிக் காற்றும் கலந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பகல் முழுக்கக் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குப் புகை இறங்கி, மணிக்கு மணி 180 ஆக நின்றுவிடுகிறது. காலை 6 மணிக்குள் 8 மணி நேரம் 180, மீதி 16 மணி நேரம் 60. சராசரி 100 மைக்ரோகிராம். ஐபியு 130 சொச்சம் காட்டும். விதிப்படி பள்ளி உண்டு. ஆனால் பிள்ளை வாசற்கதவுக்கு வெளியே சுவாசிப்பது 180. அதே காற்று ஒரு நாள் முழுக்க நின்றால் ஐபியு 230 காட்டும். இந்தக் கணக்கில் குறியீடு 200-ஐத் தொடுவது மறுநாள் பிற்பகல் 4 மணிக்கு. அப்போது காலைப் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பி வெகுநேரம் ஆகியிருக்கும். மாலைப் பள்ளிப் பிள்ளைகளோ வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

மறுபக்கமும் இப்படித்தான் பிசகும். ஒரு நாள் முழுக்க 180 ஆக இருந்த காற்றை விடியற்காலை 3 மணி மழை கழுவி 40-க்குக் கொண்டுவந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 6 மணிக்குச் சராசரி இன்னமும் 162. ஐபியு 210-ஐத் தாண்டித்தான் நிற்கும். பள்ளியை மூடுவார்கள். எட்டு மணி கடந்ததும் எண் 200-க்குக் கீழே இறங்கும். வெளியே நல்ல வெளிச்சம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்ற அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது?

இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். நிஜக் காற்று இவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்காது. ஆனால் பிசகும் விதம் இதுதான். காலை எண்ணை நம்புவது உறுதியான தகவலை நம்புவது போலத் தோன்றும். நாம் நம்புவதோ நேற்றைய கணக்கை. அப்படியிருக்க, நாளையைக் கணிப்பதில் உள்ள நிச்சயமின்மையை மட்டும் ஏன் பெரிய குறையாகப் பேச வேண்டும்?

அடுத்தது காலை நேரத்தின் நெருக்கடி. பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது என்றால் வேன் ஓட்டுநர் முதல் பிள்ளையை ஐந்தரை, ஐந்தே முக்காலுக்கு ஏற்றியாக வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக்குக்கு அரிசி அதற்கும் முன்பே அடுப்பில் ஏறிவிடும். முடிவோ கல்வி இலாகாவிலிருந்து இறங்கி, தலைமையாசிரியர் கைக்கு வந்து, வகுப்பாசிரியர்களின் வாட்சப் குழுக்களில் பரவ வேண்டும். 6 மணிக்கு எடுத்த முடிவு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பிள்ளைகள் வேனில் இருப்பார்கள். வேன் திரும்பிப் போனாலும் வீட்டில் யார்? ஏழு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிய தாய் தந்தை அதற்குள் தொழிற்சாலை வாசலைத் தாண்டியிருப்பார்கள். இரவு 8 மணிக்குச் சொன்னால் பாட்டியைக் கூப்பிடலாம், அத்தை வீட்டில் விடலாம், மேற்பார்வையாளரிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்கலாம். விடியற்காலையில் சொன்னால் இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லை.

காலை வரை காத்திருப்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. கணிப்பு பொய்த்தால் ஒரு நாள் பாடம் போகிறது. இணையவழிப் பாடம் எல்லா வீட்டிலும் ஒரே தரத்தில் நடக்காது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி உள்ள வீடுகள் நம்மிடம் நிறைய. பனிப்புயல் ஊர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. நியூயார்க் நகரம் 2014 பிப்ரவரி 13-ல் பனி கொட்டியும் பள்ளிகளைத் திறந்து வைத்து வசை வாங்கியது. 2015 ஜனவரி 27-க்கு முந்தின நாளே மூடுவதாக அறிவித்தது. பெரும்பனி கிழக்கே லாங் ஐலண்டில் போய் விழ, சென்ட்ரல் பார்க்கில் பதிவானது சுமார் 25 செ.மீ. அப்போதும் வசைதான். இரண்டு தவறும் சமமானவை அல்ல என்பது என் எண்ணம். வீணாய் மூடிய நாளின் பாடத்தை ஒரு சனிக்கிழமை மாற்று வகுப்பில் ஈடுகட்டலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சுவாசித்த புகையை ஈடுகட்ட மாற்று வகுப்பு எதுவும் இல்லை.

சரி, இரவு 8 மணிக்குள் முடிவெடுக்க எதைப் பார்ப்பது? முதலில், ஐபியு எத்தனை என்பதைவிட அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். 24 மணி நேரச் சராசரியில் ஒரு மணி நேரத்துக்கு 5 மைக்ரோகிராம் கூடினால், இந்த நிமிடக் காற்று நேற்று இதே நேரத்துக் காற்றைவிட 5 பெருக்கல் 24, அதாவது 120 மைக்ரோகிராம் கூடுதல் அழுக்கு. ஐபியு 100-க்கும் 200-க்கும் இடையில் இருக்கையில் இது மணிக்கு ஆறேழு புள்ளி ஏற்றமாகத் தெரியும். மூன்று மணி நேரம் தொடர்ந்து அப்படி ஏறினால், எண் 130-ல் இருந்தாலும் காற்று அந்த எண்ணை எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள்.

கோலாலம்பூரின் அளவீட்டு நிலையங்கள் செராஸிலும் பத்து மூடாவிலும் இருக்கின்றன. காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது அவற்றுக்கு முன்பே பந்திங், கிள்ளான், ஜோஹான் செத்தியா பக்கத்து எண்கள் பெரும்பாலும் ஏறிவிடும். ஜோஹான் செத்தியாவில் உள்ளூர்ச் சதுப்புக் கரிமண்ணே பற்றிக்கொள்வதும் உண்டு என்பதால், அங்கே மட்டும் ஏறினால் பதற வேண்டாம். மூன்றும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். பிறகு, சுமத்திராவில் தீ எரியும் இடங்களைத் துணைக்கோள் வழியாகக் காட்டும் தீப்புள்ளி வரைபடம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மேகம் மூடியிருந்தால் துணைக்கோளுக்குத் தீ தெரியாது. புள்ளி குறைந்தது என்பதாலேயே தீ அணைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கடைசியாக, இரவு மழைக்கு வாய்ப்பு உண்டா என்பது.

மாலை ஐந்து மணி வானம் தெளிந்து தெரிவதையும் நம்ப வேண்டாம். பகல் வெயிலில் காற்று மேலெழுந்து கலப்பதால் புகை சற்று நீர்த்துப்போகும். இரவில் அந்தக் கலப்பு நின்று, புகை தரையோடு படியும். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் விடிகாலை பல நாள்களில் மிக மோசமான நேரமாக அமைவது இதனால்தான்.

மாலையில் எண் 150-ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்து, மழைக்கும் அறிகுறி இல்லையென்றால் மூடிவிடலாம் என்பேன். இது என் கோடுதான், அமைச்சின் கோடு அல்ல. பினாங்குக்கு இதே கணக்கை அப்படியே பொருத்தத் தயங்குவேன். தீவுக்கு மேற்கே கடல். முன்கூட்டியே எச்சரிக்க அந்தக் கடலில் அளவீட்டு நிலையம் எதுவும் இல்லை. அங்கே எண் ஏறும் வேகத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். வீடுகளில் மாட்டும் சிறு உணர்விகள் நேரடி அளவைக் காட்டுவது உதவிதான். ஆனால் ஈரப்பதம் மிகுந்த விடிகாலையில் அவை கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

திடீர் வெள்ளத்துக்கு என் வாதம் செல்லாது. கோலாலம்பூரின் சாயங்கால இடிமழை எந்தத் தாமானில், அதாவது எந்தக் குடியிருப்பில், கொட்டும் என்று முந்தின இரவே சொல்ல முடியாது. அதற்கு அன்றன்றைய முடிவே சரி. பினாங்கை 2017 நவம்பர் 4 இரவு மூழ்கடித்தது போன்ற தொடர் மழை வேறு வகை. அதற்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் மூடுவதே நல்லது.

பள்ளியை மூடினால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கண்ணாடிப் பலகை அடுக்கிய பழைய ஜன்னல் வகுப்பறையிலும் இருக்கிறது, அடுக்குமாடி வீட்டிலும் இருக்கிறது. உதவி உணவுத் திட்டத்தில் பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு மூடிய நாளில் அந்தச் சாப்பாடும் போகிறது. இதில் இரண்டு வழியும் தோற்கின்றன. ஆனால் இரவே தெரிந்தால் வீட்டில் ஓர் அறையையாவது தயார் செய்யலாம். ஜன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, குளிர்சாதனம் இருந்தால் அதைப் போட்டு, பிள்ளைகளை அந்த ஓர் அறையில் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு எண்ணெயில் பொரிப்பது வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் மூன்றும் அதே நுண்துகளைத்தான் கிளப்பும். சாமிக்கு அன்று ஓர் எண்ணெய் விளக்கு போதும். என்95 முகக்கவரி சிறு பிள்ளை முகத்தில் ஓரம் ஒட்டி உட்காராது, அதை நம்பி வெளியே அனுப்பாதீர்கள்.

மூடல் அறிவிப்பு எழுதுபவர்கள் மூன்று விஷயங்களை அதிலேயே போட்டுவிடட்டும்: மாலைப் பள்ளிக்கும் பொருந்துமா, மறுநாளைக்கான முடிவு எத்தனை மணிக்கு வரும், வேன் ஓட்டுநருக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் சொல்லியாகிவிட்டதா. மூன்றாவதைத்தான் வழக்கமாக மறந்துவிடுகிறார்கள்.