டிரக்கியாஸ்டமி குழாய்: வீட்டுக்கு உலோகமா, பிளாஸ்டிக்கா?

கழுத்தில் துளையிட்டு மூச்சு விட டிரக்கியாஸ்டமி குழாய் வைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, குழாயை மாற்றலாமா என்ற பேச்சு வரும். குடும்பத்தார் முதலில் கேட்பது விலை. நான் முதலில் கேட்கச் சொல்வது, அதில் உள்குழாய் இருக்கிறதா என்பதை.

ஜாக்சன் வகை உலோகக் குழாயில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்குழாய் சற்று நீளம் என்பதால் சளி காய்ந்து பொருக்குத் தட்டுவது பெரும்பாலும் அதில்தான். நள்ளிரவில் மூச்சு திணறினால், பூட்டைத் திருப்பி அதை உருவிவிடலாம். அடைப்பும் கூடவே வந்துவிடும், வெளிக்குழாய் வழியாக மூச்சு ஓடும். மின்சாரம் வேண்டாம், சளியை உறிஞ்சும் சக்‌ஷன் கருவியும் வேண்டாம். கழுவி, பிரஷால் தேய்த்து, கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு மாட்டலாம். அதுவரை வெளிக்குழாயிலும் சளி படியும் என்பதால் தாமதிக்கக் கூடாது. வெள்ளிக் குழாய் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், மேற்பரப்பு அரிக்கும்.

உள்குழாய் இல்லாத பிவிசி பிளாஸ்டிக் குழாய் மென்மையானது, கழுத்துக்கு இதம். ஆனால் அடைத்தால் சக்‌ஷன் ஒன்றே கதி. உறிஞ்சும் குழாயின் பருமன் டிரக்கியாஸ்டமி குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது; ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும். தனியாக வீட்டில் இருக்கும் முதியவருக்கு இது நடக்கிற காரியமா? கொதிநீரும் இந்தக் குழாய்க்கு ஆகாது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக்கை ஒதுக்கவே முடியாத இடங்களும் உண்டு. வென்டிலேட்டரையோ, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையையோ பொருத்தும் 15 மி.மீ. இணைப்பு வழக்கமான ஜாக்சன் குழாயில் கிடையாது, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை மூடக் காற்றடைக்கும் பலூனும் கிடையாது. கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குகிறது என்றால் உலோகத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் போடுவார்கள்.

உள்குழாயுடன் வரும் பிளாஸ்டிக் வகையும் இருக்கிறது. பணம் இடம் கொடுத்தால் என் தேர்வு அதுதான். இல்லையென்றால், இயந்திர உதவியின்றி மூச்சு விட்டு, பலூனும் தேவைப்படாதவருக்கு, மருத்துவர் ஒப்புக்கொண்டால், ஜாக்சனே மேல்.

எதை வைத்தாலும் அதே அளவில் ஒரு குழாய், ஓர் அளவு சிறியதாக இன்னொன்று, படுக்கையருகே எப்போதும் தயாராக இருக்கட்டும். உள்குழாயை எடுத்தும் சளியை உறிஞ்சியும் திணறல் அடங்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.