காம் ஹார்ம் செயலி: வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது, எங்கே போதாது

தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற உந்துதல் ஒரு பிள்ளையைப் பிடித்து ஆட்டும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே செய்யப்பட்ட இலவசச் செயலி காம் ஹார்ம். பிரிட்டனில் பதின்வயதினரின் மனநலத்துக்காக இயங்கும் ஸ்டெம் 4 தொண்டு நிறுவனத்துக்காக உளவியலாளர் நிஹாரா க்ரௌஸ் இதை உருவாக்கினார். உந்துதல் அலைபோல எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானே இறங்கும். இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் செயலியின் வேலை.

திறந்ததும் ஆறுதல், கவனத்தைத் திருப்புதல், மனதில் உள்ளதை வெளிப்படுத்துதல், இறுக்கத்தை விடுவித்தல், மூச்சுப் பயிற்சி என்று பிரிவுகள் வரும். ஒன்றைத் தொட்டால் 5 நிமிடமோ 15 நிமிடமோ செய்ய ஒரு வேலை கிடைக்கும், நேரம் ஓடுவதும் தெரியும். ‘இனி எப்போதும் செய்யாதே’ என்ற அறிவுரை அந்த நிலையில் எந்தப் பிள்ளைக்கும் எட்டாது. ‘5 நிமிடம் மட்டும் பொறு’ என்பது எட்டும். இந்தச் செயலியின் ஆகப் பெரிய பலமே அதுதான்.

இதன் வேர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் வகுத்த டிபிடி (DBT) சிகிச்சை. கொந்தளிக்கும் உணர்ச்சிகளைத் தாங்கவும் கையாளவும் பழக்கும் பேச்சுச் சிகிச்சை அது. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 173 பதின்வயதினர் பங்கேற்றனர். வேறொரு சிகிச்சை பெற்றவர்களைவிட டிபிடி பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அது பல மாதங்கள் சிகிச்சையாளரோடு, குடும்பத்தையும் சேர்த்து நடந்த முழுச் சிகிச்சை. அந்தப் பலனைச் செயலியின் கணக்கில் எழுதக் கூடாது.

பெரும்பாலும் பிசகுவது எப்போது அறிமுகப்படுத்துகிறோம் என்பதில்தான். அலை உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாகத் திறக்கும் பிள்ளைக்குப் பிரிவுகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் தெளிவு இருக்காது. மனம் அமைதியாக உள்ள ஒரு மாலையில், பிள்ளையே கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் பிரிவுகளையும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். பிடித்த மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். மூச்சுப் பயிற்சியைத் தினமும் இரண்டு நிமிடம் பழக வேண்டும்: நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீளமாக இருந்தால்தான் படபடப்பு அடங்கும். வேகமாக இழுத்து விட்டால் தலைசுற்றல்தான் மிஞ்சும்.

இறுக்கத்தை விடுவிக்கும் பிரிவை மட்டும் சற்றுப் பார்த்துப் பயன்படுத்துங்கள். வேகநடை, தலையணையை இறுகக் கட்டிக்கொள்வது, காகிதத்தைக் கிழிப்பது எல்லாம் நல்லதே. வலிக்குப் பதில் இன்னொரு வலி என்ற வகையில் எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பழைய பழக்கத்தின் பிடி அதனால் தளராது.

நம் வீடுகளுக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. செயலி ஆங்கிலத்தில் பேசுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் போன் அப்பாவிடம் போய்விடும், பல பிள்ளைகளுக்கு அலை எழுவதோ அதற்குப் பிறகுதான். ஆகவே ஓர் அட்டை எழுதி வையுங்கள்: தேர்ந்தெடுத்த மூன்று வேலைகள், எழுப்பிப் பேசக்கூடிய ஒருவர் பெயர், உதவி எண். தமிழில், பிள்ளையின் கையெழுத்தில், பென்சில் டப்பாவில். எண்களைப் போனிலும் சேமியுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை.

செயலிக்குப் பூட்டு எண் போடலாம். அந்த எண்ணைப் பெற்றோர் கேட்காதீர்கள். செயலியில் எழுதும் குறிப்புகளை அம்மா படிக்கிறார் என்று தெரிந்த நாளோடு பிள்ளை உண்மை எழுதுவதை நிறுத்திவிடும். தெரிந்துகொள்ள வேண்டுமானால் நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாப்பா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். மாத்திரை முதல் பூச்சிமருந்து வரை ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள், முடியாதவற்றைப் பூட்டி வையுங்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காயமோ, எதையாவது விழுங்கியிருப்பதோ தெரிந்தால் செயலியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், இந்தியாவில் உடனே 108.

இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். ‘ஏன் இதைச் செய்யவில்லை?’ என்று கேட்காமல், எது கைகொடுத்தது, எது எரிச்சலூட்டியது என்று கேளுங்கள். கைகொடுக்காததை அடித்துவிட்டு வேறொன்றைப் பிள்ளையே எழுதட்டும். நடுவில் ஒருநாள் மறுபடி காயப்படுத்திக்கொண்டிருந்தால், அன்று அலை எங்கே தொடங்கியது என்று இருவருமாக உட்கார்ந்து தேடுங்கள். பள்ளியா, சண்டையா, தூக்கமின்மையா என்று தெரிந்தால் அடுத்தமுறை செயலியை அரைமணி முன்பே திறக்க முடியும்.