பச்சைப் புள்ளியை நம்பி வாங்கிய இனிப்பு மாத்திரை

பாலை விட்டு ஒரு வருடம் ஆகிறது, சர்க்கரையையும் குறைப்போமே என்று புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் சுக்ரலோஸ் மாத்திரை டப்பா வாங்கினேன். சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருந்தது, சரி என்று இரண்டு நாள் வரக்காப்பியில் போட்டுக் குடித்த பிறகுதான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். லாக்டோஸ்! பால் சர்க்கரையேதான். சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு, ஒரு டம்ளருக்குக் கடுகளவே போதும், அதனால் மாத்திரையாகப் பிடிக்க வேறு எதையாவது கலக்கிறார்கள். பச்சைப் புள்ளிக்குப் பால் தடையில்லை. பால் உள்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத வீகனுக்கென்று தனி முத்திரை 2022 விதிகளில்தான் வந்தது. ருசியா? முதல் வாய் பரவாயில்லை, அப்புறம் அந்தத் தித்திப்பு நாக்கைவிட்டுப் போவேனா என்கிறது. மிச்சத்தை மாமியார் வாங்கிக்கொண்டார், அவருக்குப் பால் பிரச்சினை இல்லை.