கடலோர வீட்டில் சோலார்: வெயில் மட்டும் போதுமா?

கடல் பக்கத்தில் வீடு, வருடத்தில் பெரும்பாலான நாள் நல்ல வெயில், மேலே சும்மா கிடக்கும் மொட்டைமாடி. இப்படி இருப்பவர்களிடம் சோலார் விற்க வருகிறவருக்கு அதிகம் பேச வேண்டிய வேலையே இல்லை. வானத்தைக் கை காட்டினால் போதும், பாதி வியாபாரம் முடிந்துவிடும். சில வருடங்களாக 3 கிலோவாட் பேனல்களை மாடியில் வைத்துக்கொண்டு, பில்லையும் பார்த்து, துருவையும் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். ஆனால் வெயிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகலில் உங்கள் வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது, மிஞ்சுவதை மின் நிறுவனம் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, பொருத்துகிறவர் கொண்டுவரும் சாமான் உப்புக்காற்றைத் தாங்குமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

வெயிலைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழுந்து, பேனலுக்குள் கரண்ட் உண்டாக்கும் சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைப்பது. உச்சிவெயிலில் மாடியில் காயும் செல் 25 டிகிரியில் எங்கே இருக்கப்போகிறது? 60, 65 டிகிரி சர்வசாதாரணம். சிலிக்கான் பேனல்களில் 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். அந்தக் கணக்கில் உச்சிவேளையில் 12, 13 சதவீதம் சூட்டிலேயே போய்விடுகிறது. 3 கிலோவாட் போட்டும், உற்பத்தியைக் காட்டும் மொபைல் ஆப்பில் 3 என்ற எண் கண்ணில் படுவதே அபூர்வம், 2.4, 2.5-ஐத் தொட்டால் நல்ல நாள். ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே போனை எடுக்க வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான்.

இந்த விஷயத்தில் கடலோரத்துக்கு ஒரு சகாயம் உண்டு. கடற்காற்று வீசத் தொடங்கியதும் பேனலின் சூடு கொஞ்சம் இறங்கும். ஆனால் பேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்று புகுந்து போக இடம் விட்டிருந்தால்தான் அது நடக்கும். எங்கள் வீட்டில் அதிக யூனிட் வருகிற நாட்கள் கொளுத்தும் கோடையில் வருவதில்லை. மழை ஓய்ந்து, தூசி அடங்கி, வானம் பளிச்சென்று இருக்கும் நாட்களில்தான் வருகின்றன.

உற்பத்தியைப் பொறுத்தவரை, வெயில் நன்றாக இருக்கும் பகுதிகளில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று வருடச் சராசரி வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். வருடத்துக்கு 4,300-ஐ ஒட்டி வரும். மழைக்காலத்தில் நாள் முழுக்க மேகம் கவிந்தால் இரண்டு மூன்று யூனிட்டோடு கடை மூடிவிடும். யாராவது கோடை நாள் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அதை 365-ஆல் பெருக்கினால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது காசு விஷயம். எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கேட்டால், எவ்வளவு யூனிட் உற்பத்தியாகிறது என்பதை விட, அந்த யூனிட் எங்கே போகிறது என்பதுதான் விடையை மாற்றும். பேனலிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு இரண்டு வழி உண்டு. வீட்டிலேயே அந்த நிமிடம் செலவாகலாம்; அப்போது நீங்கள் வாங்க வேண்டிய ஒரு யூனிட்டின் முழு விலை மிச்சம். அல்லது மீட்டர் வழியாக வெளியே போகலாம். வெளியே போனதைப் பிறகு யூனிட்டுக்கு யூனிட் கழித்துக் கொடுக்கும் நெட் மீட்டர் முறை உங்கள் பகுதியில் இருந்தால் கவலையில்லை, ராத்திரி ஓடும் ஏசிக்குப் பகல் யூனிட் ஈடாகிவிடும். வெளியே போகும் யூனிட்டுக்குத் தனி விலை, அதுவும் நீங்கள் வாங்கும் விலையை விடக் குறைந்த விலை என்று வைத்திருக்கும் இடங்களில் கணக்கே தலைகீழ். அங்கே பகல் முழுக்க பூட்டிக் கிடக்கும் வீட்டில் பெரிய சோலார் போட்டால், மலிவு விலையில் கரண்ட் விற்று, ராத்திரி முழு விலையில் திரும்ப வாங்குகிற கதைதான். உபயோகம் கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் முறை இருந்தால், சோலார் முதலில் குறைப்பது மேல் படியில் இருக்கும் விலை அதிகமான யூனிட்களை. அப்படிப்பட்ட இடத்தில் மொத்த பில்லையும் பூஜ்யமாக்க ஆசைப்படாமல், மேல் படியை மட்டும் வெட்டும் அளவுக்குச் சின்னதாகப் போடுவது பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகும். விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்குக் கிலோவாட் கூடினால்தான் லாபம்.

எங்கள் வீட்டில் பகலில் ஆள் இருப்பது வசதியாகிவிட்டது. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, மின்சார அடுப்பு எல்லாமே பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் என்று பழகிவிட்டோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்பதும் சேர்த்திதான். 2.4 கிலோவாட் வந்துகொண்டிருக்கும்போது இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் அடுப்பும் ஒன்றாக ஓடினால், மீதி மீட்டரிலிருந்துதான் வரும். ஒன்று முடிந்து ஒன்று என்று ஓடவிட்டால் வெளியே போவது நன்றாகவே குறைகிறது. முதல் மாதம் இது விளையாட்டு மாதிரி இருந்தது, அப்புறம் யாரும் யோசிப்பதே இல்லை. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் இது நடக்காது. மோட்டாருக்கு ஒரு டைமர் வைக்கலாம், அவ்வளவுதான்.

கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி வெளி லைனோடு சேர்க்கும் பெட்டிதான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாத அது, வெளி லைனில் கரண்ட் போன அடுத்த கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மீது நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பாதுகாப்பு அது. புயல் அடித்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாத ஊரில், மாடியில் பேனலும் தலைக்கு மேல் வெயிலும் இருந்தும் உள்ளே இருட்டில்தான் உட்கார வேண்டும். அது ஒத்துவராது என்றால் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்; செலவு ஒரேயடியாகக் கூடும், பணம் திரும்பும் காலமும் நீளும். மின்தடை நிறைய இருக்கும் இடத்தில் அதை நிம்மதிக்கான செலவாகக் கணக்கில் எழுதலாம். லாபக் கணக்கில் எழுத முடியாது.

இனி உப்பு. கடலோரத்தில் சோலாரின் ஆயுளை முடிவு செய்வது பேனலை விட, பேனலைப் பிடித்திருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் என்பது என் அனுபவம். பேனல் முன்பக்கம் கண்ணாடி, சுற்றி அலுமினியச் சட்டம், உள்ளே செல்லைச் சுற்றி ஒட்டுப்படலம். நல்ல பேனல் உப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். உப்புப் பனியில் வைத்துச் சோதிக்க ஐஇசி 61701 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அது பேனலுக்கான சோதனை மட்டும். கீழே நிற்கும் ஸ்டாண்டு, நட்டு, போல்ட், கிளாம்ப், எர்த் கம்பி இவற்றுக்கும் அந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை. கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் பொருத்தினால் தனி நிபந்தனை என்று வாரண்டித் தாளிலோ கையேட்டிலோ எழுதியிருக்கிறார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

எங்கள் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத் தாளில் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்று இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து பார்த்தால், பேனலின் நடுக் கிளாம்ப்களில் இருந்த போல்ட் தலைகளெல்லாம் பளபளப்பாக இருந்தன. ஸ்டாண்டின் காலைச் சிமெண்ட் அடித்தளத்தோடு பிடித்திருந்த போல்ட்களிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் வடிந்து சிமெண்டில் கோடு போட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஸ்டீல், குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் முலாம் பூசிய இரும்பு. பொருத்தியவரைக் கூப்பிட்டு மாற்றவைக்க ஏகப்பட்ட போன் பேச வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், முலாம் பூசிய இரும்பு பட்டென்று ஒட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் இழுக்கும். ஸ்டீலிலும் இரண்டு ரகம்: 304, 316. 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை எதிர்த்து அதிகம் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் காந்தம் சொல்லாது. போல்ட் தலையில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. கடல் அருகில் ஏ4 கேளுங்கள்.

அலுமினியச் சட்டமும் இரும்பு ஸ்டாண்டும் நேரடியாக உரசும் இடம் இன்னொரு பலவீனம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம் என்றால் அரிப்பு தானாகத் தொடங்கிவிடும். பெரும்பாலும் அலுமினியம்தான் கரையும், வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். நடுவில் ரப்பர் பட்டையோ நைலான் வாஷரோ வைத்தால் தீர்ந்தது, சொற்பக் காசு. ஸ்டாண்டு இரும்பாக இருந்தால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும், அதுவும் வெட்டி, துளை போட்டு முடித்த பிறகு முக்கியிருக்க வேண்டும். மாடியில் வைத்து டிரில் போட்டால் அந்தத் துளையின் விளிம்பிலிருந்துதான் முதல் துரு கிளம்பும். எர்த் இணைப்பும் அப்படித்தான், உள்ளே அரித்துப் போயிருந்தாலும் வெளியே தெரியாது; வருடத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்ட விடாதீர்கள். காற்றும் வெயிலும் நேராகப் படாத, ஆனால் மூச்சுமுட்டாத இடம் அதற்கு வேண்டும்.

துடைப்பது தனிக் கதை. மழை கழுவிவிடும் என்பார்கள், மழை இருக்கும் மாதத்தில் அது உண்மைதான். மழையில்லாத மாதங்களில் ராத்திரிப் பனியும் உப்பும் தூசியும் குழைந்து கண்ணாடியில் பசை மாதிரி படிகிறது. இதில் நான் கூர்ந்து பார்த்தது, பேனலின் கீழ் ஓரம். குறைந்த சாய்வில் வைத்திருந்தால் சட்டத்தின் விளிம்பில் தண்ணீர் தேங்கி, காய்ந்து, விரல் அகலத்துக்கு ஒரு சேற்றுக் கோடு விழுகிறது. பார்வைக்குப் பேனல் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் செல்கள் வரிசையாகக் கோத்தவை. கீழ் வரிசை செல்லை அந்தக் கோடு மறைத்தால் அதோடு கோத்திருக்கும் மற்ற செல்களின் உற்பத்தியும் சரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் காக்கை எச்சமும் செய்வது இதே வேலை. ஆகவே துடைக்கும்போது நடுவை விட அடி ஓரத்தைத் தேய்த்து எடுங்கள். அதிகாலையில் செய்யுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. கடலோரத்தில் பல வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் உப்புத்தான். அதை அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, ரப்பர் வைப்பரால் இழுத்துவிட வேண்டும்.

புயல் வரும் கடற்கரை என்றால் உயரமான ஸ்டாண்டு ஆசையை விட்டுவிடுங்கள். கீழே துணி காயப்போட நிழல் கிடைக்கும் என்று ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போடச் சொல்வார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு. தாழ்வாக, குறைந்த சாய்வில், கால்களை நன்றாக அடித்தளத்தில் ஊன்றிப் போட்டால் உற்பத்தியில் சொற்பம் போனாலும் பேனல் மாடியிலேயே இருக்கும்.

தெருவில் நிறைய வீடுகள் சோலார் போட்ட பிறகு புதிதாக ஒரு தொல்லை வரலாம். மதியம் எல்லோரும் ஒன்றாக வெளியே தள்ளும்போது லைனில் வோல்டேஜ் ஏறி, இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடும். ஆப்பில் உச்சிவேளையில் கோடு திடீரென்று தரையைத் தொட்டு எழும்பினால் பேனலைச் சந்தேகிக்காமல் வோல்டேஜ் பதிவைப் பாருங்கள். அதைக் காட்டித்தான் மின் நிறுவனத்தில் பேச முடியும்.

பேனல்களுக்கு 25 வருட உற்பத்தி உத்தரவாதம் கொடுக்கிறார்கள். வருடத்துக்கு அரை சதவீதம் போலத் தேய்வது வழக்கம், அதனால் பேனல் கவலை எனக்கு இல்லை. இன்வெர்ட்டர் அத்தனை நாள் வராது. 10 முதல் 15 வருடத்துக்குள் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்து, அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வருட வாரியான லாபப் பட்டியலில் இந்த வரியை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

பேனல் மீது மரமோ பக்கத்துக் கட்டடமோ பாதி நாள் நிழல் விழும் வீடு, சீக்கிரம் மாடி எழுப்பப்போகும் வீடு, பில்லே சொற்பமாக வரும் வீடு, இவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பகலில் ஏசி ஓடுகிறது, மின்சார வண்டியைப் பகலில் சார்ஜ் போட முடியும் என்றால் தயங்க வேண்டியதில்லை. பேட்டரி இப்போதைக்கு எங்களுக்கு வேண்டாம். இன்வெர்ட்டர் மாற்றும் காலம் வரும்போது ஹைப்ரிடாகப் போட்டு, கூடவே லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று சேர்க்கலாமா என்று பார்ப்போம். லெட்-ஆசிட் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, இந்தச் சூட்டில் அதன் ஆயுள் மளமளவென்று குறையும்.