சம கண் இல்லாத வலை: திருகோணமலையில் நான்கு சனிக்கிழமை வகுப்பு

திருகோணமலை நகரில் ஒரு தனியார் கணினிப் பயிற்சி நிலையம் அண்மையில் நடத்திய குறுங்கால வகுப்பொன்றுக்கு நான்கு சனிக்கிழமைகள் தொடர்ந்து சென்று வந்தேன். இணையத்தில் நாம் நாள்தோறும் திறந்து மூடும் பக்கங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்திருக்கின்றன, அந்தப் பிணைப்பின் வடிவம் என்ன, அந்த வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்பவற்றை விளக்குவதே வகுப்பின் நோக்கம். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. நான்கு நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் 6,000 ரூபாய். மதியச் சோறு நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். இணையத்தளம் வடிவமைக்கக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வந்த இரண்டு இளைஞர்கள் முதல் நாள் மதியத்தோடு நின்றுவிட்டார்கள். விளம்பரத் துண்டில் எழுதியிருந்ததைப் படித்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்; உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன் என்பதால் 'வலையமைப்பு' என்ற சொல்லில் வேறொன்று மணத்தது.

தமிழில் நாம் இந்தப் பிணைப்பை 'வலை' என்று அழைக்கப் பழகிவிட்டோம். இந்தப் பெயர் கடற்கரை ஊர்க்காரருக்கு ஒரு தவறான படத்தைக் கொடுத்துவிடுகிறது என்பதை வகுப்பின் முதல் அரை மணி நேரத்திலேயே உணர்ந்தேன். விரிவுரையாளர் கரைவலையை உதாரணமாக எடுத்து, அதில் எல்லாக் கண்களும் ஒரே அளவு, எல்லா முடிச்சுகளும் ஒரே மாதிரி என்று தொடங்கினார். நிலாவெளியில் இருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, "சேர், கரைவலைக்கு மடிப்பக்கம் போகப் போகக் கண் சின்னன். நீங்கள் சொல்லுறது தங்கூசி வலை" என்று திருத்தினார். விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே அதை ஏற்று, தங்கூசி வலைக்கு மாறினார். அந்த மாற்றம் விளக்கத்தை மேலும் செம்மையாக்கியது. தங்கூசி வலையின் எந்த முடிச்சைப் பிடித்தாலும் அதிலிருந்து நான்கு நூல்கள் பிரியும். ஆகவே ஒரு முடிச்சைப் பார்த்தவர் முழு வலையையும் பார்த்தவராகிறார். இணைய வலையிலோ ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு இணைப்பும், இன்னொன்றுக்குப் பல இலட்சம் இணைப்புகளும் இருக்கும். அங்கே 'சராசரி முடிச்சு' என்று ஒன்றைக் காட்ட முடியாது. மதிப்புகள் சராசரியைச் சுற்றிக் குவியும் செவ்வன் பரம்பலில் ஊறிய என்னைப் போன்ற கணித ஆசிரியருக்கு, இடை (சராசரி) என்ற எண்ணே எதையும் சொல்லாமல் போகும் பரம்பல் ஒன்று கண்முன் கிடக்கிறது என்பது சற்று உறுத்தலான செய்தி.

வரலாற்றுப் பகுதி விரைவாக முடிந்தது, அது நல்லதே. 1736 இல் கணிதவியலர் ஒயிலர் கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களைப் புள்ளிகளும் கோடுகளுமாக மாற்றியது (ஏழு என்றதும் பின்வரிசையில் ஒருவர் கன்னியாக் கிணறுகளை நினைவூட்டினார்), 1959 இல் ஏர்டோசும் ரென்யியும் எழுமாற்றாகக் கோடுகள் இடப்பட்ட வரைபுகளை ஆராய்ந்தது, பின்னர் 1990களின் இறுதியில் உண்மையான வலையமைப்புகளை அளந்தபோது அவை எழுமாற்று வரைபுகளைப் போல இல்லை என்று தெரியவந்தது ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கடந்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை நடந்த பை விளையாட்டுக்காகவே இந்த வகுப்பை நான் பிறருக்குப் பரிந்துரைப்பேன். ஒரு துணிப்பையும் காகிதத் துண்டுகளும் தவிர வேறொன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. நமது மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களை வலைப் பக்கங்களாகக் கொண்டோம். முதலில் மூதூரும் தோப்பூரும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இரண்டின் பெயர்த் துண்டுகளும் பைக்குள் போயின. அடுத்து வரும் ஊர் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுக்கும். எந்த ஊரின் பெயர் வருகிறதோ அந்த ஊருடன் இணையும். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டு, அந்த ஊருக்கு இன்னொரு துண்டும் தனக்கு ஒரு துண்டும் பைக்குள் இடும். அதாவது, ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புகளோ அத்தனை துண்டுகள் பையில் இருக்கும். இணைப்பு மிகுந்த ஊரே அடுத்த முறையும் கையில் அகப்படும் வாய்ப்பு மிகுதி. 60 ஊர்கள் சேர்ந்தபின் எண்ணிப் பார்த்தோம். நான்காவதாகச் சேர்ந்த கிண்ணியாவிடம் 14 இணைப்புகள் இருந்தன; முதல் ஊரான மூதூரிடம் 9; பாதிக்கு மேற்பட்ட ஊர்களிடம் ஒன்றே ஒன்று. ஊருக்கு ஒரு துண்டு மட்டும் என்ற சமநிலை விதியுடன் மீண்டும் ஆடியபோது மிகக் கூடிய எண்ணிக்கை 6ஐத் தாண்டவில்லை. 'பணம் பணத்தோடு சேரும்' என்று நம் வீடுகளில் சொல்வதைத்தான் 1999 இல் அல்பர்ட்-லாஸ்லோ பரபாசியும் ரேக்கா அல்பர்ட்டும் வலையமைப்பு வளரும் விதியாக எழுதினார்கள் என்று விரிவுரையாளர் அதன்பின் சொன்னபோது, எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முந்திச் சேர்ந்தால் வாய்ப்புக் கூடும், ஆனால் உறுதி இல்லை என்பதையும் மூதூரே காட்டிவிட்டது.

அப்படியானால் பிந்தி வந்தவர் ஒருபோதும் முந்த முடியாதா என்று ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி, பதிலும் நன்றாக இருந்தது. 1995 இல் வந்த அல்டாவிஸ்டா தேடுபொறியை 1998 இல் வந்த கூகுள் கடந்து சென்றதையும், பக்கத்தின் வயதோடு அதன் தகுதியையும் சேர்த்துக் கணிக்கும் திருத்தப்பட்ட மாதிரி 2001 இல் வந்ததையும் விரிவுரையாளர் எடுத்துக்காட்டினார்.

மூன்றாம் நாள் திசை பற்றியது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. கொட்டியாரத்து நீர் மலைக்குத் திரும்பி ஏறுவதில்லை. வலை இணைப்பும் அப்படி ஒருவழிப்பட்டது. 1989 இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ வலையை முன்மொழிந்தபோது, இணைப்பைப் பற்றிய தகவல் இணைக்கும் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும், இணைக்கப்படும் பக்கத்தின் அனுமதியோ அதற்கான பதிவோ தேவையில்லை என்று அமைத்தார். அந்த ஓர் ஏற்பாட்டினால்தான் எவரும் எவரிடமும் கேளாமல் வலையில் சேர முடிந்தது. அதனால்தான் இன்று சொடுக்கும் இணைப்புகளிற் பல வெறும் பக்கத்தில் போய் முட்டுகின்றன. எனக்கு இந்த நான்கு நாளிலும் மிகப் பயன்பட்ட விளக்கம் இது: வலையின் வடிவம் எவரும் வரைந்த திட்டத்தால் வந்ததன்று, மிகச் சிறிய ஒரு விதியைக் கோடிக்கணக்கானோர் தனித்தனியே பின்பற்றியதால் வந்தது.

ஒருவழி இணைப்புகள் சேர்ந்து எடுக்கும் வடிவத்தை 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வின் எண்களோடு காட்டினார்கள். அல்டாவிஸ்டா திரட்டிய ஏறத்தாழ 20 கோடிப் பக்கங்களில் 5.6 கோடிப் பக்கங்கள் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவும் வரவும் கூடிய நடுப்பகுதியாக இருந்தன. நடுவுக்கு வழிவிடும், ஆனால் நடுவிலிருந்து சென்றடைய முடியாத பக்கங்கள் ஏறத்தாழ 4.3 கோடி, நடுவிலிருந்து சென்றடையலாம், ஆனால் திரும்ப முடியாத பக்கங்களும் அதே அளவு. மீதி, தும்புகளாகவும் தனித்தீவுகளாகவும் கிடந்தன. மொத்த வடிவத்தைக் கழுத்தில் கட்டும் போ-டைக்கு ஒப்பிடுவது வழக்கமாம். வேட்டி கட்டும் ஊரில் அதைப் பலகையில் வரைந்துதான் காட்ட வேண்டியிருந்தது.

இங்கேதான் வகுப்பின் பெருங்குறை வெளிப்பட்டது. முதல் நாள் சுவரில் ஒட்டிய தாளில், 'வலையில் எந்த இரு பக்கங்களுக்கும் இடையே 19 சொடுக்குகளே தூரம்' என்று எழுதியிருந்தார்கள். அது நான்காம் நாள் வரை அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் காட்டிய ஆய்வோ, எழுமாற்றாக எடுத்த இரு பக்கங்களுள் ஒன்றிலிருந்து மற்றதற்கு நூற்றில் எழுபத்தைந்து தடவைக்கு மேல் வழியே இல்லை என்கிறது. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும் என்று நான் கேட்டபோது, விரிவுரையாளர் நேரமில்லை என்று கடந்துவிட்டார். விடை கடினமானதன்று. 19 என்பது 1999 இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருந்த ஏறத்தாழ 3,26,000 பக்கங்களை அளந்து, அங்கு கிடைத்த மடக்கைத் தொடர்பை அன்றைய முழு வலைக்கும், அதாவது 80 கோடிப் பக்கங்களுக்கு, நீட்டிப் பெற்ற சராசரி. பாதை இருக்குமிடத்தில் அது எவ்வளவு குறுகியது என்பதே அதன் பொருள். பாதை எங்கும் உண்டு என்பதன்று. மடக்கை என்பதால்தான் வலை பத்து மடங்கு பெருத்தாலும் தூரம் 19இலிருந்து 21க்கே உயரும் என்ற அழகான செய்தியும் அதனுள் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கும். இப்போது பலர் அந்தச் சுவர்த் தாளின் வாசகத்தோடு மட்டும் வீடு போயிருப்பார்கள்.

கூகுள் பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறை பற்றிய பகுதிக்கும் இதே கவனக்குறைவு கேடு செய்தது. இணைப்புகளைத் தொடர்ந்து எழுமாற்றாகச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவர், நூற்றுக்குப் பதினைந்து தடவை சலித்துப்போய் எங்கோ புதிதாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு காலம் நிற்பார் என்பதே அந்தப் பக்கத்தின் மதிப்பு, 0.85 என்ற எண் அங்கிருந்து வருகிறது. விளக்கம் தெளிவாகவே இருந்தது. ஆனால் கையில் கொடுத்த அச்சுத்தாளில், மூன்று இணைப்புகள் வெளிச்செல்லும் பக்கத்துக்குத் தாயத்தின் (எண்களை அடுக்கிய அட்டவணையின்) நிரலில் மூன்று இடத்திலும் 1/2 என்று போட்டிருந்தார்கள். 1/3 என்று இருந்திருக்க வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றாக நிற்க வேண்டிய மதிப்புகள் ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஊதிக்கொண்டே போக, ஒரு மணி நேரம் எல்லோரும் தங்கள் கூட்டலையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். காசு வாங்கிக் கொடுக்கும் தாளை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

நான்காம் நாள், இணையமும் வலையும் ஒன்றாகக் குழப்பப்பட்டன. மாத்தறையிலும் கொழும்புப் பக்கத்திலும் கரையேறும் கடலடி வடங்களின் படத்தைக் காட்டி, 'இதுதான் நாம் படித்த வலை' என்றார்கள். வடங்கள் இணையத்தின் உடம்பு. பக்கங்களும் இணைப்புகளும் அதன்மேல் ஓடும் வேறொரு வலையமைப்பு. இரண்டின் வடிவமும் வேறு, அறுந்தால் நேர்வதும் வேறு. அதேபோல், மையமான கணுக்களை நீக்கினால் வலையமைப்பு குலையும் என்பதற்குப் புகையிரதப் பாதையை எடுத்தார்கள். கல்ஓயாச் சந்தி அடைபட்டால் கொழும்பிலிருந்து திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒருங்கே துண்டிக்கப்படும், சீனக்குடா அடைபட்டால் நாம் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் சட்டென விளங்கியது உண்மை. ஆனால் எங்கள் பாதைக்கு மாற்றுவழியே கிடையாது. எங்கே வெட்டினாலும் யாரோ ஒருவர் அகப்படுவார். எழுமாற்றாகப் பல பக்கங்கள் அழிந்தாலும் வலை பெரும்பாலும் அசையாது நிற்கும், தேர்ந்தெடுத்து மையங்களை அடித்தால் மட்டும் உடையும் என்று 2000 ஆம் ஆண்டில் வந்த வேறோர் ஆய்வு சொன்ன வேறுபாட்டின் முதற்பாதி அந்த உதாரணத்தில் தொலைந்துபோனது.

கணித ஆசிரியனாக இன்னொரு முறைப்பாடு. இரு அச்சும் மடக்கையான வரைபுத்தாளில் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழுந்தால் அது வலு விதி (ஓர் எண்ணிக்கை மற்றொன்றின் அடுக்காகக் குறையும் பரம்பல்) என்று கற்பித்தார்கள். அப்படிக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு பிழையாகலாம் என்பதைக் கிளாசெற், ஷலிசி, நியூமன் ஆகிய மூவரும் 2009 இல் விரிவாகக் காட்டிவிட்டார்கள். கண்டிப்பான வலு விதி உண்மை வலையமைப்புகளில் அரிதாகவே காணப்படுகிறது என்று 2019 இலும் ஓர் ஆய்வு வந்தது. வகுப்பின் நாட்காட்டி 2001 ஓடு நின்றுபோயிருக்கிறது.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படாதது இன்னும் வருத்தம். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில், ஒரு பக்கத்தை எவையெவை இணைக்கின்றன என்று காட்டும் வசதி ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. கடைசி நாள் இரவு வீட்டில் 'திருகோணமலை' பக்கத்துக்கு அதைத் திறந்து எண்ணத் தொடங்கி, பட்டியல் நீண்டதால் இடையில் விட்டுவிட்டேன். சிற்றூர்களுக்கு விரல்விட்டு எண்ணி முடித்தேன். பை விளையாட்டில் கண்ட அதே ஏற்றத்தாழ்வு. இதை வகுப்பிலேயே, ஆளுக்கொரு ஊராகப் பிரித்துச் செய்திருந்தால் அரை நாள் போதும்.

விரிவுரையாளர் விடயம் தெரிந்தவர், கேள்வி கேட்பவரை மதிப்பவர், குறை தயாரிப்பில்தான். உயர்தரக் கணித மாணவர், தகவல் தொழினுட்ப ஆசிரியர், நூலகத்தில் வேலை செய்வோர் ஆகியோருக்கு இரண்டாம் மூன்றாம் நாட்கள் மட்டுமே கட்டணத்துக்கு ஈடாகும். தளம் வடிவமைக்கப் படிக்க விரும்புவோர் போக வேண்டாம். மடக்கையும் தாயமும் மறந்தவர்கள் ஒரு மாலை அவற்றைப் புரட்டிவிட்டுப் போவது நல்லது. நான்கு மணிக்கு முடியும் என்கிறார்கள். எங்களுக்கு ஒருநாளும் ஐந்துக்கு முன் முடியவில்லை. மூதூர், வெருகல் பக்கமிருந்து வருபவர்கள் திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.