வெயிலில் மட்டும் வந்த பழுது: ஒன்றரை வருடம் ஒரு புது போனோடு

2024 பொங்கல் தள்ளுபடியில், ஆன்லைனில், 22,999 ரூபாய்க்கு இந்த போனை வாங்கினேன். 8 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ், அமோலெட் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த போனிலும் வரக்கூடிய பழுதுதான் இது, அதைச் சரிசெய்ய அலைந்த கதையைச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் என் தொழில். கொளத்தூர், அயனாவரம், பெரம்பூர் என்று பகல் முழுக்க வண்டியில் சுற்றுவேன். முகவரி, மேப், பணம் வாங்குவது, கெட்டுப்போன பாகத்தை போட்டோ எடுத்து அனுப்புவது எல்லாமே போனில்தான். அதனால் என் போன் வெயிலில் கிடக்கும். இதுதான் பின்னால் முக்கியமாகிப் போனது.

பதினோராம் நாள் மதியம், ஒரு வீட்டு வாசலில் நின்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வைக்காமலே மேப் நகர்ந்தது. பெரிதானது, சிறிதானது, மூடிக்கொண்டது. வாட்ஸ்அப் தானாகத் திறந்து, காலையில் பேசிய ஒரு வாடிக்கையாளருக்கு வீடியோ கால் போனது. அவசரமாக அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டில் எடுத்துப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல நன்றாக இருந்தது. மாற்றித் தருவதற்கான ஏழு நாள் கெடு அதற்குள் முடிந்திருந்தது.

கடைக்காரர்கள் இதை கோஸ்ட் டச் என்பார்கள். இப்போதைய தொடுதிரையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடத்திகள் வலை போல ஓடுகின்றன. விரல் பட்டால் அந்த இடத்தின் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் அளவு, கொஞ்சம் மாறும். கன்ட்ரோலர் சிப் அந்த மாற்றத்தை ஒரு நொடிக்குப் பல முறை அளந்துகொண்டே இருக்கும். அளக்கும் சிக்னல் மிகச் சிறியது. அதனால் இணைப்பில் சின்னக் குறை இருந்தாலும், விரல் வைத்ததாக அது தப்புக்கணக்குப் போட்டுவிடும். மட்டமான சார்ஜரில் போட்டிருக்கும்போது மின் இரைச்சலால் இப்படி ஆவதுண்டு. எனக்கோ சார்ஜரே இல்லாமல் நடந்தது.

சாஃப்ட்வேர் கோளாறா, ஹார்டுவேர் கோளாறா என்று நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலில் சேஃப் மோடில் ஓட்டினேன். நாம் ஏற்றிய ஆப் எதுவும் அதில் இயங்காது. அப்போதும் வந்தது. அப்புறம் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, அதில் பாயிண்டர் லொகேஷன் என்பதைப் போட்டேன். திரையில் எங்கே தொட்டாலும் அங்கே கோடு விழும். போனை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், வெயிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வலது ஓரத்தில், ஒரு விரல் அகலப் பட்டைக்குள் மட்டும், மேலும் கீழுமாகக் கோடுகள் விழ ஆரம்பித்தன. மறுநாள் பார்த்தாலும் அதே பட்டை. சாஃப்ட்வேர் கோளாறு இப்படி ஒரே இடத்தில் நிற்காது என்று எனக்குப் பட்டது. அன்றைக்கே அதை வீடியோ எடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை.

அண்ணா நகர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நல்ல ஏசி. என் முறை வந்தபோது போன் சில்லென்று இருந்தது. கவுன்டரில் இருந்த பையன் நாலு பக்கமும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். "தம்பி, சூடானாத்தான் வரும். வெளியே வெயில்ல கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க" என்றேன். அப்படிச் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லையாம். சாஃப்ட்வேரைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினேன். அதில் 'சாஃப்ட்வேர் அப்டேட், வேறு குறை இல்லை' என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

என் தொழிலிலும் இது தினமும் நடப்பதுதான். ராத்திரி முழுக்க மெஷின் ஒழுகியது என்பார்கள். நான் போகும்போது ஒரு சொட்டு இருக்காது. தண்ணீர் அழுத்தம் ஏறும் நேரத்தில் மட்டும் ஒழுகும் இணைப்புகள் உண்டு. அதற்காக 'குறை இல்லை' என்று எழுதிவிட்டு வரமாட்டேன். 'வாடிக்கையாளர் சொன்னது இது, நான் பார்த்தபோது இல்லை' என்று எழுதுவேன். இரண்டும் ஒன்றல்ல. அடுத்து வருகிறவர் எங்கே தேட வேண்டும் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் பொறுமை போய், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில், மைக்ராஸ்கோப் வைத்து போர்டு வேலை செய்கிறவர், போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வாரண்டி இருக்குல்லண்ணா? நான் திறந்தா அப்புறம் அவங்க தொட மாட்டாங்க. அங்கேயே போங்க. வர்றதை வீடியோ எடுத்துட்டுப் போங்க" என்றார். என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அவர் மட்டும் திறந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மார்ச்சில் இரண்டாவது தடவை. டெம்பர்ட் கிளாஸால் வருகிறது என்று சொல்லி அதை உரித்துவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது நாளே திரும்ப வந்தது.

ஏப்ரலில் மூன்றாவது தடவை போகும்போது தயாராகப் போனேன். மனைவியின் போனால் எடுத்த வீடியோ கையில் இருந்தது. பாயிண்டர் லொகேஷன் கோடுகள், சார்ஜர் இல்லை, கவர் இல்லை, கண்ணாடி இல்லை, கையும் படவில்லை என்று எல்லாம் ஒரே காட்சியில் தெரியும். கவுன்டருக்குப் போகும் முன் படிக்கட்டில் நின்று பத்து நிமிடம் 4கே வீடியோ ஓடவிட்டு போனைச் சூடேற்றினேன். இந்தத் தடவை அந்தப் பையனே கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் சிஸ்டத்தில் பழைய பதிவை எடுத்துப் பார்த்து, "டச் பிராப்ளம்னு இப்பதான் முதல் தடவை வர்றீங்க சார்" என்றார். ஜனவரியில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட வரி அது. வாதாடாமல் ஒன்றே ஒன்று கேட்டேன். 'போன் சூடானதும் வலது ஓரத்தில் தானாக டச் ஆகிறது, சார்ஜர் இல்லாமலும் வருகிறது, முன்பே இரண்டு முறை கொண்டுவரப்பட்டது' என்று அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

டிஸ்ப்ளே காம்போ மாற்றினார்கள். இந்த வகை போன்களில் டச் தனியாக வராது, திரையோடு சேர்ந்தே வரும். பாகம் வர ஒன்பது நாள். அதுவரை வீட்டில் கிடந்த பழைய போனில் சிம்மைப் போட்டு, யுபிஐ எல்லாம் முதலிலிருந்து பதிவு செய்து ஓட்டினேன்.

புதுத் திரையோடு வந்த போன் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது. கத்திரி வெயில் தொடங்கியதும் அதே வலது ஓரத்தில் அதே கோடுகள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்தால் அதில் ஒரு தகவல் இருந்தது. திரையை மாற்றியும் அதே இடத்தில் வருகிறது என்றால் பழுது திரையில் இல்லை, திரை வந்து சொருகும் இடத்தில் இருக்கிறது.

மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பில், மூன்று ஜாப் ஷீட் எண்கள், தேதிகள் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டு ஒரு எண் கொடுத்தார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போகவில்லை. நான்காம் நாள் கம்பெனியிலிருந்தே அழைத்தார்கள். இந்தத் தடவை பேசியவர் ஒரு சீனியர் டெக்னீஷியன். போர்டில் திரையின் ஃபிளெக்ஸ் எனும் பட்டைக் கேபிள் சொருகும் கனெக்டரில் ஒரு பின்னின் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை, சூட்டில் விரியும்போது இணைப்பு விட்டு விட்டுப் போகிறது என்று விளக்கினார். படத்துக்கான பின்கள் நன்றாக இருந்ததால் படம் மட்டும் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. மதர்போர்டையே மாற்றினார்கள். செலவு எதுவும் இல்லை.

போர்டு மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஸ்டோரேஜ் போர்டிலேயே இருப்பதால் உள்ளே உள்ள எல்லாம் போய்விடும். முன்கூட்டியே பேக்கப் எடுத்ததால் போட்டோக்கள் தப்பின, இரண்டு வருட வாடிக்கையாளர் குறிப்புகளும் தப்பின. அப்புறம் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் மாறிவிடும். *#06# அடித்துப் பார்த்தால் புது எண் காட்டும், பில்லில் பழைய எண் இருக்கும். நாளைக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலோ, போன் தொலைந்து, சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் முடக்கச் சொன்னாலோ இது சிக்கலாகும். பழைய எண், புது எண் இரண்டும் போட்டு, போர்டு மாற்றியதாகச் சீல் வைத்த தாள் கேட்டேன். முதலில் அப்படி வழக்கமில்லை என்றார்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், கொடுத்தார்கள். திரையை இரண்டு முறை திறந்து ஒட்டிய போன் என்பதால், தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருப்பதை இனி நம்பவில்லை. மழைக்காலத்தில் ஜிப் கவரில்தான் வைக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மற்றபடி போன் நல்ல போன்தான். நடுப்பகல் வெயிலிலும் திரை தெளிவாகத் தெரிகிறது. கேமரா, மெஷின் உள்பாகத்தைக் கிட்டத்தில் எடுக்கப் போதும். பேட்டரி வாங்கிய புதிதில் ஒன்றரை நாள் வந்தது, இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் சார்ஜர் தேடுகிறது. அதே கம்பெனியில் மறுபடி வாங்குவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்குவேன், ஆனால் ஆன்லைனில் இல்லை. பெரம்பூரில் முகம் தெரிந்த கடையில், ஐந்நூறு ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை என்று வாங்குவேன்.

இந்த வருடக் கத்திரியில் ஒரு நாள் மதியம் மொட்டைமாடிக்குப் போனேன். பாயிண்டர் லொகேஷனைப் போட்டு, மேப்பை ஓடவிட்டு, அதே கைப்பிடிச் சுவரில் வைத்தேன். இருபது நிமிடம் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் தொட முடியாத சூட்டில் இருந்தது. வலது ஓரத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.